பயிற்றுநர் பட்டியலும் ஒரு கழகத்தின் கதையும்

மன்னர்களின் பெயர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் நிரல்படுத்தி, அதனையே வரலாறு என்று கற்பித்த காலமொன்று இருந்தது. பள்ளிக்கூடத்திலே அப்பட்டியலை மனனஞ் செய்து ஒப்புவித்தவர்களுள் நாமும் அடங்குவோம். குளத்தைத் தோண்டியவன் யார், வயலை உழுதவன் யார், வரி இறுத்தவன் யார் என்ற வினாக்கள் எழுந்த பின்னரே வரலாற்றுக் கல்வி அப்பட்டியலின் பிடியிலிருந்து விலகத் தொடங்கியது. ஆயின் ஒரு துறையிலே பழைய முறை இன்றுவரை அழியாது நிலைபெற்றுள்ளது. உதைபந்தாட்டக் கழகங்களின் வரலாறே அது. எந்தக் கழகத்தின் வரலாற்றைப் புரட்டினும் பயிற்றுநரின் பெயர்கள், அவர்கள் பதவியேற்ற நாள், பதவி நீங்கிய நாள் என்பனவே முன்னிற்கக் காணலாம். கழகம் உயர்ந்தால் அவர் நல்லரசர். தாழ்ந்தால் அவர் கொடுங்கோலர். அரியணைக்குப் பின்னால் நின்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இம்முறையின் போதாமையை விளக்குதற்கு இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள லேய்ற்றன் ஓரியன்ற் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அது புகழ்மிக்க கழகம் அன்று. ஆங்கிலேய உதைபந்தாட்டத்தின் உச்சப் பிரிவிலே அது ஆடியது ஒரேயொரு பருவம், 1962-63இல். எஞ்சிய காலமெல்லாம் இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஏறியும் இறங்கியும் காலங் கழித்தது. அத்தகைய கழகத்திலே 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்கும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திற்கும் இடையில், தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர்களையும் சேர்த்து, பதினொருவர் அணியை நடத்தினர். மூன்றாண்டு நிறையுமுன் பதினொருவர்! ஓர் அணியிலே ஆடுவோர் தொகையும் பதினொன்றே என்பதைக் கிழக்கு இலண்டன் வாசிகள் கவனியாதிருந்திருக்கமாட்டார்கள்.

கழகத்தின் பெயரிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும். 1881இல் ஹோமேட்டன் கல்லூரியைச் சார்ந்த இளைஞர் சிலர் ஒரு கிறிக்கெற் சங்கமாக இதனைத் தோற்றுவித்தனர். 1888இல் அதற்கு ஓரியன்ற் என்ற பெயர் சூட்டப்பட்டது. கீழ்த்திசை என்று பொருள்படும் இப்பெயர் கிழக்கு இலண்டனைக் குறித்து எழுந்தது என்று பலர் எண்ணுவர். அங்ஙனம் அன்று. அணியில் ஆடிய ஜாக் டியறிங் என்பவர் ஓரியன்ற் கப்பற் கம்பனியிலே ஊழியம் பார்த்தவர். தம் முதலாளியின் பெயரையே கழகத்துக்கும் அவர் முன்மொழிந்தார். அக்கம்பனியின் கப்பல்கள் சுயெஸ் கால்வாய் வழியாக அவுஸ்திரேலியாவுக்குச் செல்கையிற் கொழும்புத் துறைமுகத்திலே நங்கூரமிட்டுச் சென்றவை. நம் துறைமுகத் தொழிலாளரின் முதுகிலே ஏறி இறங்கிய சுமைகளோடு தொடர்புடைய பெயரொன்று இலண்டன் மைதானத்திலே ஆரவாரத்துடன் கூவப்பட்டுவந்தது. கப்பற் கம்பனியின் பெயர் 1960களிலே வேறொரு பெருங்கம்பனிக்குள் அமிழ்ந்து மறைந்தது. கழகத்தின் பெயர் மறையவில்லை.

அக்கழகத்தைத் தம்முடையதென்று கொண்டாடியவர் எத்தகையோர் என்பதற்கு முதலாவது உலகயுத்தம் சான்று. 1914 டிசெம்பரில் ‘உதைபந்தாட்டக்காரர் படை’ என்று பெயர்பெற்ற மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆவது அணி திரட்டப்பட்டபோது, அன்று கிளப்ரன் ஓரியன்ற் என வழங்கிய இக்கழகத்தின் வீரர் பதின்மர் அவ்விடத்திலேயே பெயர் பதிந்தனர். காலப்போக்கில் வீரர், ஊழியர், ஆதரவாளர் என 41 பேர் சேர்ந்தனர். வில்லியம் ஜோனாஸ், றிச்சேட் மக்பாடன், ஜோர்ஜ் ஸ்கொற் ஆகிய மூவரும் 1916இல் சொம் போர்க்களத்தில் ஏற்பட்ட இழப்புகளுள் அடங்கினர். 1921 ஏப்ரில் 30ஆந் திகதி வேல்ஸ் இளவரசர் நேரில் மைதானத்துக்கு வந்து கழகத்துக்கு நன்றி தெரிவித்தார். ஏகாதிபத்தியங்களின் சண்டையிலே ஏழைகளின் பிள்ளைகள் மாண்டதற்கு ஓர் இளவரசரின் வருகை ஈடாகுமா என்பது வேறு வினா. நாம் இங்கு குறிக்க விரும்புவது, கழகம் என்ற சொல் அம்மக்களுக்கு எதனைக் குறித்தது என்பதையே. சட்டத்தின் கண்ணிலோ அது பங்குகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு கம்பனி, விற்கலாம், வாங்கலாம்.

இனி, தரமிறக்கம் என்பதன் இயல்பையும் சிறிது விளக்க வேண்டும். ஆங்கிலேய லீக்கிலே மேலிருந்து கீழாக நான்கு பிரிவுகள் உள. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அட்டவணையின் அடியில் நிற்போர் ஒரு படி இறக்கப்படுவர். நான்காம் பிரிவின் அடியில் நிற்போருக்கு 1986 வரை ஒரு பாதுகாப்பு இருந்தது. ஏனைய கழகங்கள் வாக்களித்து அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சேர்த்துக்கொண்டனர். 1987இலிருந்து அந்த முறை ஒழிந்து, அடியில் நின்ற கழகம் லீக்கை விட்டே வெளியேற வேண்டும் என்றாயிற்று. இன்று இரு கழகங்கள் அவ்வாறு வெளியேறுகின்றன. வெளியேறினால் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வரும் பங்கு குறையும். இளைஞர் பயிற்சிக்கான உதவி குறையும். ஊழியர் சிலரின் வேலை போகும். இந்த அச்சத்தின் நடுவேதான் பயிற்றுநர் மாற்றம் என்னும் சடங்கு நிகழ்கின்றது. மழை பொய்த்த ஆண்டிலே கோயிற் பூசகரை மாற்றிப் பார்ப்பது போன்றது அது. சில வேளை அடுத்த வாரமே மழை பெய்யும். புதிய பூசகருக்குப் பெயர் கிடைக்கும்.

இதனை வெறும் உவமையாகக் கூறவில்லை. நெதர்லாந்தின் முதற்பிரிவிலே 1986 முதல் 2004 வரை நிகழ்ந்த பயிற்றுநர் மாற்றங்களைப் பாஸ் ரெர் வீல் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார். தொடர்ந்து தோற்ற நிலையிலே பயிற்றுநரை நீக்கிய கழகங்கள் பின்னர் ஓரளவு தேறியது உண்மையே. ஆயின் அதேயளவு தொடர்ந்து தோற்றும் பயிற்றுநரை நீக்காது வைத்திருந்த கழகங்களும் அவ்வாறே தேறின. வழமைக்கு மாறான தாழ்வொன்று நேர்ந்த பின்னர் வழமைக்குத் திரும்புதல் இயல்பு. திரும்பியதற்குரிய புகழைப் புதிதாக வந்தவர் பெற்றுக்கொள்கிறார்.

ஓரியன்ற் கழகத்தின் கதையிலே இரு வீழ்ச்சிகள் உள. முதலாவது 1995இல் நிகழ்ந்தது. அவ்வேளை கழகத்தின் தலைவராக இருந்தவர் ரொனி வூட் என்பவர். அவருடைய செல்வம் ஆபிரிக்காவின் ருவண்டா நாட்டிலே கோப்பி வணிகத்தில் ஈட்டப்பட்டது. ருவண்டாவிலே கோப்பி தானாக வளர்ந்து பெருகியதன்று. பெல்ஜிய ஆட்சியாளர் 1930களிலே குடியானவர்மீது கட்டாயமாகச் சுமத்திய பயிர் அது. சுதந்திரத்தின் பின்னரும் அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதி அந்த ஒரு பயிரையே நம்பியிருந்தது. 1989 ஜூலையிலே சர்வதேசக் கோப்பி ஒப்பந்தம் முறிந்ததும் விலை ஏறக்குறைய அரைவாசியாகச் சரிந்தது. குடியானவர் வறுமையுற்றனர், அரசு கடனில் மூழ்கியது, 1990இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1994 ஏப்ரில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் 8 இலட்சம் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அக்கொலைகளுக்குக் கோப்பி விலை மாத்திரமே காரணம் என்று நாம் கூறவில்லை. இனவெறியைத் திட்டமிட்டு வளர்த்த ஆட்சிக்கும் அதற்கு முந்திய காலனித்துவப் பிரிவினைக்கும் உரிய பொறுப்பை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் ஒற்றைப் பயிரில் ஒரு நாட்டின் உயிரைக் கட்டிவைத்தால் என்ன நேரும் என்பதை நாம் அந்நியர் சொல்லி அறிய வேண்டியதில்லை. 1869இலே நம் மலைநாட்டிற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததும், 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்ததும், தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பட்ட அல்லலும் நம் வரலாற்றின் பகுதியே.

ருவண்டாவில் வணிகம் அழிந்ததும் கிழக்கு இலண்டனிலே கழகத்தின் பணப்பெட்டி வெறுமையாயிற்று. பயிற்றுநர் பீற்றர் யூஸ்ரஸ் 1994 வசந்தத்திலே நீக்கப்பட்டு, ஜோன் சிற்றன், கிறிஸ் ரேணர் என்னும் இருவர் கூட்டாகப் பொறுப்பேற்றனர். வீரரை வாங்கப் பணமில்லை. இருப்போருக்குக் கொடுக்கவும் வழியில்லை. அணி மூன்றாம் பிரிவின் அடியிலே கிடந்தது. அப்பருவம் முழுவதும் கழகத்தினுள்ளே ஓர் ஒளிப்படக் கருவி இயங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்த விவரணப்படம் 1995இல் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. ‘ஐந்து பவுணுக்கு ஒரு கழகம்’ என்பது அதன் பெயரின் பொருள். தலைவர் கேட்ட விலை அதுவே. அப்படத்திலே சிற்றன் ஆடையறையில் நின்று தம் வீரரை ஏசுகிறார், கைகலப்புக்கு அழைக்கிறார். பல்லாண்டு கழகத்துக்கு ஆடிய ரெரி ஹவேட் என்பவரை ஆட்ட இடைவேளையிலேயே வேலைநீக்கஞ் செய்கிறார். கண்டவர் நகைத்தனர். இன்றும் அக்காட்சியை நகைப்புக்காகவே பலர் பார்ப்பர்.

நாம் அதில் நகைப்புக்கு இடங் காணவில்லை. தொழிலாளர் குடும்பத்து மேற்பார்வையாளன் ஒருவன், முதலாளியின் கை வற்றிய வேளையிலே, தனக்குக் கீழுள்ள தொழிலாளர்மீது பாய்கின்ற காட்சியே அது. தோட்டத்துக் கங்காணியை அறிந்தவர்க்கு அது புதிதன்று. கங்காணியின் கொடுமையை நாம் மன்னிப்பதில்லை. சிற்றனின் நடத்தையையும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆயின் கங்காணியோடு கதையை முடித்துக்கொள்பவன் தோட்டத்துரையைத் தப்பவிடுகிறான். 1995 வசந்தத்திலே பரி ஹேர்ன் என்பவர் கழகத்தை வாங்கினார். சினூக்கர், குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திப் பொருளீட்டியவர் அவர். சில வாரங்களில் சிற்றனும் ரேணரும் நீக்கப்பட்டனர். கழகம் கடைசி இடத்திலே நின்று நான்காம் பிரிவுக்கு இறங்கியது. சிற்றனுக்கு லீக்கில் மீண்டும் அத்தகைய பதவி வாய்க்கவில்லை. பிற்காலத்தில் இலண்டன் வீதிகளை மனனஞ் செய்து பரீட்சையிற் தேறி வாடகைக்கார் ஓட்டினார்.

இரண்டாவது வீழ்ச்சி இதனினும் பெரிது. 2014 மே 25இலே வெம்பிளி மைதானத்தில் இரண்டாம் பிரிவுக்கு ஏறும் இறுதி ஆட்டத்திலே ஓரியன்ற், றொதர்ஹாம் கழகத்தோடு மோதியது. இரு கோல்கள் முன்னணியில் நின்றும் ஆட்டம் 2-2 எனச் சமநிலையாயிற்று. தண்ட உதைகளில் 4-3 என்று ஓரியன்ற் தோற்றது. ஓர் உதை மாறியிருப்பின் கழகத்தின் கதியே மாறியிருக்கும் என்பார் உளர். நாம் அதனை அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டோம். அந்தக் கோடையிலே ஹேர்ன் கழகத்தை விற்றார். வாங்கியவர் பிரான்செஸ்கோ பெக்கெற்றி, கழிவகற்றும் தொழிலிற் செல்வம் திரட்டிய இத்தாலிய வணிகர். மைதானம் மாத்திரம் விற்பனையுள் அடங்கவில்லை. அது பழைய உடைமையாளரிடமே தங்க, கழகம் வாடகைக்கு இருந்தது. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் ஏற்கெனவே அடுக்குமாடி வீடுகள் எழுந்திருந்தன. நிலம் ஒருவரிடம், அணி வேறொருவரிடம், அன்பு மாத்திரம் ஊராரிடம்.

பெக்கெற்றியிடம் அல்பேனியாவைத் தளமாகக்கொண்ட தொலைக்காட்சி நிறுவனமொன்றும் இருந்தது. ஓரியன்ற் கழகத்திலே இடம்பெறுதற்கு இளைஞரைப் போட்டியிடச்செய்யும் நிகழ்ச்சியொன்று அதிலே ஒளிபரப்பாயிற்று. நூற்றாண்டுகாலக் கழகம் ஓர் ஒளிபரப்புக்கு மூலப்பொருளாயிற்று. வெம்பிளிவரை அணியை அழைத்துச்சென்ற றஸல் ஸ்லேட் 2014 செப்டெம்பரிலே விலகினார். கெவின் நியூஜன்ற் தற்காலிகமாக நின்றார். பின் மௌரோ மிலனேசே வந்தார். டிசெம்பரில் பாபியோ லிவெறானி வந்தார். ஒரே பருவத்தில் நால்வர். 2015 மேயிலே கழகம் மூன்றாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு இறங்கியது.

அடுத்து இயன் ஹென்டன். 2016 ஜனவரியிலே அவர் நீக்கப்பட்டார். கெவின் நோலன், அவர் மூன்று மாதமும் முற்றாக நிற்கவில்லை. அன்டி ஹெசந்தேலர், 2016 செப்டெம்பரில் நீக்கம். இவரைப் பற்றிய செய்தியொன்று குறிப்பிடத்தக்கது. 2015 நத்தாருக்கு மறுநாள் ஆட்டத்திலே கழகம் வென்ற பின்னர், அப்போது துணைப்பயிற்றுநராயிருந்த இவரை உடைமையாளர் மைதானத்திலே உதைத்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில், பெக்கெற்றிக்கு ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம் ஆறு ஆட்டத் தடையும் 40,000 பவுண் தண்டமும் விதித்தது. உடைமையாளருக்கும் பயிற்றுநருக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் நீண்ட விளக்கம் எழுத வேண்டிய அவசியத்தை அந்நிகழ்ச்சி நீக்கிவிட்டது. பின் அல்பேர்ற்றோ கவசின். ஏறக்குறைய இரு மாதம். அன்டி எட்வேட்ஸ், 2017 ஜனவரி முடிவிலே விலகினார். டானி வெப், மார்ச்சு முடிவிலே விலகினார். ஒமர் றிசா எஞ்சிய ஆட்டங்களை நடத்தினார்.

இப்பெயர்களைத் தனித்தனி எடுத்து இவர் திறமையற்றவர், அவர் அனுபவமற்றவர் என்று தீர்ப்புக் கூறலாம், பத்திரிகைகள் கூறின. ஆயின் ஒவ்வொருவரும் வந்தபோது முன்னவர் தெரிந்த வீரரையே பெற்றனர். ஒருவர் நீண்ட பந்தை விரும்புவார். அடுத்தவர் குறுகிய பந்தை விரும்புவார். வீரர் கற்றதை மறக்கவும் மறந்ததைக் கற்கவும் வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் முடியுமுன் நீக்கப்பட்டவர்க்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். அது வீரருக்குச் செல்ல வேண்டிய பணம். மூத்தோர் நீங்க நீங்க, இளைஞர் அணியிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களை இறக்கினர். வளர்ந்த மனிதரோடு மோதி அப்பையன்கள் தோற்றபோது எவரும் அவர்களை ஏசவில்லை என்று அறிகிறோம். கிழக்கு இலண்டனின் பண்பு அது.

2017 மார்ச்சிலே வரி நிலுவை தொடர்பாகக் கழகத்தைக் கலைக்கக் கோரும் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கடனைத் தீர்க்கவோ கழகத்தை விற்கவோ ஜூன்வரை தவணை அளிக்கப்பட்டது. அந்த வசந்தத்திலே ஊழியருக்கு உரிய நாளில் ஊதியம் கிடைக்கவில்லை. உதைபந்தாட்ட வீரருக்கு 1907 தொடக்கம் தொழிற்சங்கமொன்று உண்டு. அதன் போராட்டத்தினாலேயே வீரரின் ஊதிய உச்சவரம்பு 1961இல் ஒழிந்தது. நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர், உடை தோய்ப்பவர், புல் வெட்டுபவர் ஆகியோர்க்கு அத்தகைய பலமில்லை. பயிற்றுநர் பட்டியலிலே இவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. ஆயினும் இவர்கள் வேலைக்கு வந்தனர். வந்திராவிடில் ஆட்டமே நடந்திராது.

2017 ஏப்ரில் 22இலே குறூ நகரில் 3-0 எனத் தோற்றதோடு லீக்கிலே 112 ஆண்டுகால வாழ்வு முடிந்தது. 1905இல் நுழைந்த கழகம் முதன்முறையாக வெளியேறியது. ஒரு வாரங் கழித்துச் சொந்த மைதானத்திலே கோல்செஸ்ரர் அணியோடு நிகழ்ந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திலே ஆதரவாளர் வேலியைத் தாண்டி மைதானத்திற் புகுந்தனர். உடைமையாளர் வெளியேற வேண்டும் என்பதே கோஷம். ஆட்டம் கைவிடப்பட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை அனுப்பினர். பின்னர், வெற்று இருக்கைகளின் முன்னே, மிகுதி நிமிடங்களை ஆடி முடித்தனர். கழகத்தைக் காப்பதாகச் சொல்லப்பட்ட விதிகள் நிறைவேறின. கழகமாயிருந்த மக்கள் வீதியிலே நின்றனர்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பயிற்றுநர் எவராயினும் ஒன்றே என்று நாம் வாதிடுவதாக வாசகர் எண்ணலாம். அப்படியன்று, அடுத்து நிகழ்ந்தது அவ்வாறு எண்ணவும் இடந்தரவில்லை. 2017 ஜூனில் நைஜல் றவிஸ் என்பவர் தலைமையிலான குழுவொன்று கழகத்தை வாங்கியது. சிறுவயதிலிருந்தே ஓரியன்ற் ஆதரவாளர் அவர். அப்போது அமெரிக்கக் கம்பனியொன்றின் தலைவராக இருந்தவர். வீரராகவும் பயிற்றுநராகவும் கழகத்துக்கு உழைத்த மார்ட்டின் லிங் உதைபந்தாட்டப் பொறுப்பாளராக அழைக்கப்பட்டார். புதியவர்களும் பயிற்றுநர் ஒருவரை நியமித்தனர், ஸ்ரீவ் டேவிஸ் என்பவரை; நவம்பரிலே நீக்கினர்! பழைய வியாதி தொடர்கிறது என்று பலர் அஞ்சினர். அவருக்குப் பின் வந்த ஜஸ்ரின் எடின்பரோ அவ்வச்சத்தைப் பொய்யாக்கினார். சிதறிய அணியை அவர் ஒழுங்குபடுத்தினார். 2019 ஏப்ரில் 27இலே கழகம் தன் பிரிவிலே முதலிடம் பெற்று மீண்டும் லீக்கினுள் நுழைந்தது. ஆக, நல்ல பயிற்றுநர் உண்டு. அவர் வேலை செய்தற்குக் காலமும் ஊதியமும் மேலிருந்து தலையிடாத கையும் வேண்டும். எடின்பரோவுக்கு அவை கிடைத்தன. வெப்புக்கும் எட்வேட்ஸுக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தமை உடைமையாளர் நல்லவராக வாய்த்தமையால் அன்றி, வேறெந்த உரிமையாலும் அன்று என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. ஊரார் கொண்டாடிய அந்த வசந்தத்திலும் பங்குகள் ஊராரிடம் இருக்கவில்லை, நிலமும் இருக்கவில்லை.

எடின்பரோ தம் வெற்றியின் பயனை நுகரவில்லை. மாரடைப்புற்று 2019 ஜூன் 8இலே காலமானார், வயது 49. வீழ்ச்சிக் காலத்துப் பதினொருவரின் பெயர்களும் பட்டியலில் இரண்டிரண்டு திகதிகளோடு நிற்கின்றன. எடின்பரோவின் பெயர் மைதானத்து மேற்குப் பார்வையாளர் அரங்குக்குச் சூட்டப்பட்டது. ஆதரவாளர் பாட்டுக் கட்டி வாசலிலே பூ வைத்தனர். மறுபருவம் தொடங்கியபோது நுழைவுச்சீட்டுக் கொடுக்குமிடத்திலே வரிசை நீண்டிருந்தது.